கிணத்தடியால வாற மழை: யாழ்ப்பாணக் கரையோரத்தில ஒரு கழிவுநீர் லைனுக்கு எவ்வளவு பெரிய பைப் வேணும்?

யாழ்ப்பாணம் ரவுணுக்கு இண்டைக்கும் பொதுக் கழிவுநீர்க் குழாய் எண்டு ஒண்டில்லை, வீட்டுக்கு வீடு குழிதான். 2010இல ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோட தொடங்கின யாழ்ப்பாணம்-கிளிநொச்சி குடிநீர், சுகாதாரத் திட்டத்தில முதல்ல நகரத்துக்குக் கழிவுநீர் லைனும் இருந்தது, இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடுக்கிற பிரச்சினை, செலவு எண்டு போய் அந்தப் பகுதி விடுபட்டுது. குடிநீர் மட்டும் மிஞ்சி, 2024 ஓகஸ்டில தாளையடியில நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் திறந்தாச்சு. குழாய்த் தண்ணி வீட்டுக்கு வர வர சனம் கூடத் தண்ணி பாவிக்கும், கூடப் பாவிச்சால் குழி தாங்காது, அப்ப லைன் கதை கட்டாயம் திரும்ப வரும். வரேக்க எல்லாரும் சனத்தொகையை எண்ணி பைப் சைஸ் போடுவினம். ஆனா இங்க பைப்பை நிரப்பப் போறது சனம் இல்லை, கார்த்திகை மாசம்.

இதை வாயால சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டினம், அதால ஒரு துண்டு நிலத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாப்பம். நாவாந்துறையில இருந்து கொட்டடி தாண்டி குருநகர் வரைக்கும் கடல்நீரேரியை ஒட்டிக் கிடக்கிற தாழ்வான பக்கம் மாதிரி ஒரு இடம் எண்டு வையுங்கோ. 50 ஹெக்ரெயர், 1500 வீடு, வீட்டுக்கு 4 பேர், மொத்தம் 6000 பேர். ஒழுங்கை லைன் 12 கிலோமீற்றர், வீட்டில இருந்து ஒழுங்கைக்கு வாற சின்னப் பைப் வீட்டுக்கு 8 மீற்றர்படி இன்னொரு 12 கிலோமீற்றர், 30 மீற்றருக்கு ஒரு மான்ஹோல் எண்டால் 400 மான்ஹோல். இதெல்லாம் எடுகோள்தான், அளந்த எண் இல்லை, உங்கட வட்டாரத்துக்கு உங்கட எண்ணைப் போட்டுக் கொள்ளுங்கோ, முடிவு பெரிசா மாறாது.

முதல்ல லேசான பகுதி. ஆளுக்கு நாளுக்கு 120 லீற்றர், அதில 80 வீதம் கழிவாத் திரும்பி வரும், அப்ப 96 லீற்றர். 6000 பேருக்கு 576 கன மீற்றர், சராசரி செக்கனுக்கு 6.7 லீற்றர். காலமை எல்லாரும் ஒரே நேரத்தில குளிக்கிறது, கழுவுறது எண்டு உச்சம் வரும், இவ்வளவு சின்ன சனத்தொகைக்கு 3 மடங்கு எடுக்கிறது வழமை, அப்ப 20 லீற்றர். எல்லா ஒழுங்கைத் தண்ணியும் வந்து சேருற முதன்மை லைனுக்கு, 1:200 சாய்வில ஒரு 250 மில்லிமீற்றர் பைப் நிரம்ப ஓடினால் கிட்டத்தட்ட 42 லீற்றர் கொண்டு போகும். பாதி கூட நிரம்பேல்ல, சந்தோசம். கனபேர் இதோட பேனையை மூடி வைச்சிடுவினம்.

வேண்டாத தண்ணி ரெண்டு வழியால வருது, ரெண்டையும் ஒண்டாக் கலந்து ஒரு வீதத்தைப் போடுறதுதான் முதல் கோளாறு. ஒண்டு நிலத்தடித் தண்ணி, பைப் மூட்டு, வெடிப்பு, மான்ஹோல் சுவர் எல்லாத்தாலயும் மெதுவா ஊறி உள்ள வாறது, மாசக்கணக்கா ராப்பகலா ஓடிக் கொண்டிருக்கும். மற்றது மழைத்தண்ணி, மூடியால, கூரைப் பீலியால, முத்தத்து வாயால நேர உள்ள பாயிறது, மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில அடங்கிடும். முதலாவது பம்மோட கரண்ட் பில்லையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் தின்னும், ரெண்டாவது பைப் சைஸைத் தின்னும்.

ஊறல் தண்ணிக்குக் கைநூல் என்ன சொல்லுது எண்டு பாப்பம். எங்கட பக்கத்தில கனபேர் கையில வைச்சிருக்கிறது இந்திய மத்திய அரசாங்கத்தின்ர கழிவுநீர்க் கைநூல். அதில மூண்டு அளவு குடுத்திருக்கினம்: ஹெக்ரெயருக்கு நாளுக்கு 5,000 தொடக்கம் 50,000 லீற்றர், கிலோமீற்றருக்கு 500 தொடக்கம் 5,000, மான்ஹோல் ஒண்டுக்கு 250 தொடக்கம் 500. எங்கட நிலத்துக்குப் போட்டுப் பாருங்கோ. பைப் நீளத்தால கணக்குப் பாத்தால் நாளுக்கு 6 தொடக்கம் 60 கன மீற்றர். மான்ஹோலால 100 தொடக்கம் 200. பரப்பால 250 தொடக்கம் 2500. ஒரே புத்தகம், ஒரே நிலம், 6 இலயிருந்து 2500 வரைக்கும்! மேல் எண் கழிவுத்தண்ணியை விட நாலு மடங்கு. புத்தகத்தைக் குறை சொல்லேல்ல, அது காஷ்மீரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் சேத்து எழுதினது, நடுவில எந்த எண்ணை எடுக்கிறது எண்டு மண்ணைப் பாத்துத்தான் சொல்லோணும். பிறகு 2013இல வந்த பதிப்பில, ஊறல் கழிவுநீரின்ர 10 வீதத்தைத் தாண்டக் கூடாது எண்டு ஒரு உச்சம் வைச்சினம். அந்த 10 வீதம்தான் இப்ப எல்லா டிசைன் றிப்போட்டிலயும் குந்திக் கொண்டிருக்குது. இங்க அது நாளுக்கு 58 கன மீற்றர்.

வீதம் எண்டு போடுறதில இன்னொரு வில்லங்கம் இருக்குது. அமெரிக்காவில நிலத்தடித் தண்ணி ஏறி நிக்கிற காலத்தில, மழை பெய்யாத நாளின்ர ஓட்டம் ஆளுக்கு நாளுக்கு 120 கலன், கிட்டத்தட்ட 450 லீற்றருக்குள்ள இருந்தால் ஊறல் அளவுக்கு மிஞ்சேல்ல எண்டு ஒரு பழைய வழிகாட்டி இருக்குது. அவையின்ர 10 வீதம் ஆளுக்கு 45 லீற்றர், எங்கட 10 வீதம் 9.6 லீற்றர். நாங்கள் தண்ணியைச் சிக்கனமாப் பாவிக்கிறம் எண்டதுக்காக நிலத்தடித் தண்ணி வெடிப்புக்குள்ளால குறைய வாறதில்லை.

சரி, எங்கட மண் எப்பிடி? குடாநாடு முழுக்கக் கீழ சுண்ணாம்புக்கல், பிளவும் பொந்தும் நிறைஞ்சது, பெய்யிற மழை உள்ள இறங்கித்தான் கிணறு ஊறுது. ஆனி ஆடியில கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தால் தண்ணி கீழ கிடக்கும், கார்த்திகை மார்கழியில தாழ்ந்த பக்கங்களில கைக்கெட்டுற மட்டத்துக்கு ஏறி நிக்கும், சில வளவில நிலத்தோட நிலம். இதுக்குள்ள சாய்வைச் சேருங்கோ. 1:200 எண்டால் ஒரு கிலோமீற்றர் போக 5 மீற்றர் ஆழம் கூடுது. கரையோரத்தில தரையே கடல்மட்டத்தில இருந்து ஒண்டு ரெண்டு மீற்றர் உயரம்தான். அப்ப கிலோமீற்றர் போக முதலே பைப் கடல்மட்டத்துக்குக் கீழ, கல்லுக்குள்ள, தண்ணிக்குள்ள. அந்த ஆழம் வராமத் தடுக்கோணுமெண்டால் நடுவில பம் நிலையம் வைக்கோணும், கூட பம் எண்டால் கூடச் செலவு, கூட மின்வெட்டுத் தலையிடி. எப்பிடிப் பாத்தாலும் மாரியில லைன் முழுக்க மூழ்கித்தான் கிடக்கப் போகுது, கோடையில கீழ் நுனி மட்டும் மூழ்கும். ஊறல் எண்டது வருசம் முழுக்க ஒரே எண் இல்லை எண்டது இதிலயே தெரியுது.

புதுசாப் போட்ட நல்ல பைப்புக்கு எவ்வளவு விடலாம்? அமெரிக்காவில பத்து மாநிலத் தரம் எண்டு சொல்லுற விதியில, பைப் விட்டம் ஒரு மில்லிமீற்றருக்கும் நீளம் ஒரு கிலோமீற்றருக்கும் நாளுக்கு 9 லீற்றர் சொச்சம்தான் விடலாம். 200 மில்லிமீற்றர் ஒழுங்கை லைன் 12 கிலோமீற்றருக்கு 22 கன மீற்றர், 110 மில்லிமீற்றர் வீட்டு லைனுக்கு 12. மான்ஹோலுக்குக் கைநூலின்ர குறைஞ்ச எண்ணையே எடுத்தால் 100. கூட்டினால் 134 கன மீற்றர், கழிவுநீரின்ர 23 வீதம். அதாவது மேசன் ஒழுங்கா வேலை செய்து, சோதிச்சுப் பாசான பிறகும் 10 வீத உச்சம் உடைஞ்சு போச்சு. அதில முக்கால்வாசி மான்ஹோலால வருது, பைப்பால இல்லை. செங்கல்லுக் கட்டி உள்ளுக்குச் சீமெந்து பூசுற மான்ஹோலைக் கரையோரத்தில வைக்கவே கூடாது எண்டது என்ர கருத்து, ரப்பர் வளையம் போட்ட வார்ப்புத் துண்டுகள் இல்லாட்டி பிளாஸ்ரிக் மான்ஹோல், அதுக்கு விலை கூட எண்டு அழுறவை பம் கரண்ட் பில்லை இருபது வருசத்துக்குப் பெருக்கிப் பாக்கட்டும். இருபது வருசப் பழுதுக்கு ரெட்டிப்பு வைச்சு, செக்கனுக்கு 3 லீற்றர் எண்டு எடுக்கிறன்.

லைனே இல்லாத இடத்தில உந்த 3 லீற்றர் சரியோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? ஒரு வழி ஏற்கனவே வளவுக்குள்ள கிடக்குது. மாரியில கலி பவுசர்காரனைக் கூப்பிட்டு குழியை இறைச்சுப் போட்டு, ரெண்டு நாளில திரும்ப நிரம்பிப் போச்சு எண்டு சனம் பவுசர்காரனைத் திட்டுறது எங்கட ஊரில வழமை. அவனில பிழை இல்லை, தொட்டிக்குள்ள நிலத்தடித் தண்ணி ஊறுது. இதையே சோதனை ஆக்கலாம்: இறைச்ச அண்டு ராத்திரி கக்கூசுக்குத் தண்ணி விடாம, தொட்டியில மட்டம் எவ்வளவு ஏறுது எண்டு தடி வைச்சுப் பாக்கிறது. 2 மீற்றருக்கு 1.2 மீற்றர் தொட்டியில 8 மணித்தியாலத்தில 10 சென்ரிமீற்றர் ஏறினால் 240 லீற்றர், நாளுக்கு 720. அந்த வீட்டுக் கழிவே 384 லீற்றர்தான். தொட்டியை அப்பிடியே வைச்சுக் கொண்டு தெளிஞ்ச தண்ணியை மட்டும் சின்னப் பைப்பில எடுக்கலாம் எண்டு ஒரு யோசனை அடிக்கடி வாறது, ஆழம் தோண்டத் தேவையில்லை, செலவு குறைவு, கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு ஓட்டைத் தொட்டியும் லைனோட சேந்து வரும். தொட்டியைத் திருத்தாம அந்தத் திட்டத்துக்குப் போனால் 1500 கிணத்தை லைனில பூட்டின மாதிரித்தான்.

லைன் வந்த பிறகு பாக்க உப்பு இருக்குது, இது கரையோரத்துக்குக் கிடைச்ச ஒரு வசதி. தண்ணியில உப்புக் கூடக் கூட அது மின்சாரத்தைக் கடத்திற திறனும் கூடும். கடல்தண்ணியின்ர மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில, வீட்டுக் கழிவு ஆயிரம் சொச்சம், கரையோர நிலத்தடித் தண்ணி ரெண்டுக்கும் நடுவில எங்கயோ. கழிவு 1,000, நிலத்தடி 12,000, பம் நிலையத்தில கலந்து வாறது 2,100 எண்டு வாசிச்சால், 1,100ஐ 11,000ஆல பிரிக்க ஓட்டத்தில 10 வீதம் ஊறல். மீற்றர் கையடக்கமானது, விலையும் பெரிசில்லை. ரெண்டு இடத்தில கவனம்: கனவீட்டில குடிக்கக் குழாய்த் தண்ணி, கக்கூசுக்கும் கழுவவும் கிணத்துத் தண்ணி, அந்தக் கிணறு சவராய் இருந்தால் கழிவே உப்பாத்தான் வரும், அதால 1,000 எண்டதை ஊகிக்காம லைனின்ர மேல் நுனி மான்ஹோலில அளக்கோணும். மற்றது, மாரியில புது மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்து நிக்கிறதால ஊறுறதே நன்னீரா வரும், மீற்றர் குறைச்சுக் காட்டும். அப்ப விடியப்புறம் ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில ஓட்டத்தை அளக்கிறதுதான் வழி, ஊர் நித்திரை, அந்த நேரத்தில ஓடுறதில பெரும்பங்கு ஊறல்தான். கரையூர்ப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போறவை விடிய முதலே எழும்புறவை எண்டதையும் மறக்கக் கூடாது, புத்தகத்தில இருக்கிற நேரத்தை அப்பிடியே போட ஏலாது.

இனி மழை. இதுதான் இந்தக் கணக்கின்ர நெஞ்சு.

ஒரு வீட்டுக் கூரை 120 சதுர மீற்றர் எண்டு வைப்பம். மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் மழை எண்டால் அந்தக் கூரையால செக்கனுக்கு 1.67 லீற்றர் இறங்கும். அந்த வீட்டின்ர சராசரிக் கழிவு 0.0044 லீற்றர். ஒரு பீலியை லைனில சொருகினால் 375 வீட்டின்ர கழிவு வந்த மாதிரி. 12 வீடு சொருகினால் 20 லீற்றர், முழு வட்டாரத்தின்ர காலமை உச்சம் அவ்வளவும். 1500 வீட்டில 12 வீடு, நூற்றுக்கு ஒண்டு கூட இல்லை. பத்து வீதம் விட்டிருக்கிறம் எண்டு சொல்லுறவைக்கு இந்த ஒரு வரியைக் காட்டினால் காணும்.

ஆனா கூரை எண்டது களவு இணைப்பு, சட்டம் போட்டுத் தடுக்கலாம், புகை அடிச்சுப் பிடிக்கலாம். லைனுக்குள்ள புகையை ஊதிவிட்டால் எந்தப் பீலியால, எந்த முத்தத்தால வருது எண்டு றோட்டில நிண்டே பாக்கலாம். யாழ்ப்பாணத்தின்ர உண்மையான பிரச்சினை களவில்லாத இணைப்பு. கிணத்தடி. குளிக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது, சட்டி பானை கழுவுறது எல்லாம் திறந்த வெளியில, சீமெந்து போட்ட தரையில. அந்தத் தண்ணி கழிவுத்தண்ணிதான், அதை லைனுக்கு எடுக்கத்தான் வேணும், இல்லாட்டி திரும்பக் கிணத்துக்குள்ளதான் போகும். ஆனா அதுக்கு மேல கூரை இல்லை. 10 சதுர மீற்றர் கிணத்தடியில 50 மில்லிமீற்றர் மழைக்கு 0.14 லீற்றர். கேக்கச் சின்னன். 1500 வீட்டில பாதிக்கு இருந்தால் 750, அப்ப 104 லீற்றர். ஒருத்தரும் சட்டத்தை மீறேல்ல, மாநகர சபை கையெழுத்து வைச்ச இணைப்புத்தான் எல்லாம், ஆனா கழிவின்ர உச்சத்தை விட ஐஞ்சு மடங்கு.

வெளிநாட்டுக் கைநூலில கிணத்தடி எண்டு ஒரு வரி இருக்காது, ஏனெண்டால் அவை வீட்டுக்குள்ள குளிக்கினம். அதால கொப்பி அடிக்கிற டிசைனிலயும் இருக்காது.

மூடியையும் விட ஏலாது. ஒரு மான்ஹோல் மூடியில தூக்கிறதுக்கு விட்ட 25 மில்லிமீற்றர் ஓட்டை ஒண்டு, அதுக்கு மேல 10 சென்ரிமீற்றர் வெள்ளம் நிண்டால் செக்கனுக்கு 0.4 லீற்றர் உள்ள போகும். மூடிக்கு ரெண்டு ஓட்டை, ஒழுங்கையில 20 மூடி மூழ்கினால் 16 லீற்றர். இது மூடியை ஒருத்தரும் தொடாத கணக்கு. வளவுக்குள்ள முழங்கால் வெள்ளம் நிக்கேக்க, பாம்பு வருது, அடுப்படிக்குள்ள தண்ணி ஏறுது எண்டேக்க, பக்கத்தில ஒரு இரும்பு மூடி இருக்குது எண்டால் சனம் திறக்கும். "தம்பி, தண்ணி போக வழி இருக்கேக்க திறக்காம என்ன செய்யிறது" எண்டு கேட்டால் அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. 2008 நிஷாப் புயலிலயும் 2020 புரேவிப் புயலிலயும் ரவுண் கிடந்த கிடையைப் பாத்தவை அவையைக் குறை சொல்ல மாட்டினம். வெள்ள வாய்க்கால் அடைபட்டு, குளம் தூந்து, மதவு மூடிக் கிடக்கிற ஊரில கழிவு லைன் போட்டால் அதுதான் வெள்ள வாய்க்காலா மாறும். அதால வாய்க்கால் வேலை முதல், லைன் பிறகு. இந்த வரிசையை மாத்திற எந்தத் திட்டமும் எனக்குச் சந்தேகம்தான்.

சொட்டுச் சொட்டாக் கூட்டினதை இப்ப ஒரு ஓட்ட வரைபா மாத்தோணும். வழமையாப் பாவிக்கிறது முக்கோண முறை: பெஞ்ச மழையில எத்தினை வீதம் லைனுக்குள்ள வருது, உச்சத்துக்கு வர எவ்வளவு நேரம், வடிய அதைப் போல எத்தினை மடங்கு நேரம், இந்த மூண்டு எண்தான். இலவசமாக் கிடைக்கிற ஸ்வம் (SWMM) எண்ட மழைத்தண்ணி ஓட்டக் கணக்கு மென்பொருளிலயும் இது இருக்குது, சரியாச் செய்யிறதெண்டால் உடன வாறது, மெதுவா வாறது, நாள்பட வாறது எண்டு மூண்டு முக்கோணம் போடுறது, நான் இங்க ஒண்டோட நிக்கிறன். 750 கிணத்தடி எண்டால் 7,500 சதுர மீற்றர், 50 ஹெக்ரெயரில 1.5 வீதம். 50 மில்லிமீற்றர் ஒரு மணித்தியாலத்தில பெஞ்சால் 375 கன மீற்றர் உள்ள வரும். ஒரு மணித்தியாலத்தில உச்சம், ரெண்டு மணித்தியாலத்தில வடிவு எண்டால் உச்சம் செக்கனுக்கு 69 லீற்றர். 104 ஏன் 69 ஆச்சுது எண்டால், தூரத்து வீட்டுத் தண்ணி வந்து சேர முதல் கிட்ட வீட்டுத் தண்ணி போயிடும். கூரை, மூடி எல்லாம் சேத்து மொத்தம் 3 வீதம் எண்டு போனால் 139 லீற்றர்.

அப்ப ரெண்டு வழி இருக்குது. ஒண்டும் செய்யாம 3 வீதத்தையும் ஏத்துக்கொண்டால், கழிவு 20, ஊறல் 3, மழை 139, மொத்தம் 162 லீற்றர், அதே சாய்வில 450 மில்லிமீற்றர் பைப். 450ஐக் கரையோரக் கல்லுக்குள்ள வெட்டிப் புதைக்கிறதே ஒரு செலவு, அதுக்குப் பிறகு ஆடி மாசத்தில, அதுவும் முதல் வருசங்களில மூண்டில ஒரு வீடு மட்டும் இணைஞ்சிருக்கேக்க, அந்தப் பெரிய பைப்பின்ர அடியில நூல் மாதிரித் தண்ணி ஊரும், ஊத்தை அடியில படியும், சவர்த்தண்ணியின்ர சல்பேற்றும் சேந்தால் நாத்தமும் கொங்கிறீட் அரிப்பும் வரும். கடைசியில அந்த மழைத்தண்ணியை எல்லாம் பம் பண்ணிச் சுத்திகரிக்க வேற வேணும்.

மற்ற வழி, மழையை வாசலிலயே மறிக்கிறது. கிணத்தடிக்கு ஒரு தகரக் கூரை, சுத்திவர முத்தத்து வெள்ளம் ஏறாமல் ஒரு கட்டு, இணைப்புக் குடுக்க முதல் இது இருக்கோணும் எண்டு ஒரு நிபந்தனை. காசு இல்லாத வீட்டுக்குத் திட்டமே போட்டுக் குடுக்கோணும், ஏனெண்டால் 750 தகரக் கூரையை விட பைப்பின்ர சைஸ் கூட்டுறது மலிவா வரும் எண்டு எனக்குப் படேல்ல. ஓட்டையில்லாத, றப்பர் வளையம் போட்ட பூட்டு மூடி தாழ்ந்த ஒழுங்கைகளுக்கு. இதெல்லாம் செய்தும் மனிசர் மனிசர்தான், அதால 0.5 வீதம் விடுறன். அது 23 லீற்றர். மொத்தம் 46. 250 பைப்புக்கு 42தான், மட்டுமட்டாக் காணாது, 300 போட்டால் 68 வரைக்கும் போகும். முடிவு 300. பம் நிலையத்தில 46க்கு பம், ஒரு பம் பழுதானாலும் மற்றது இழுக்கிற மாதிரி, மின்வெட்டுக்கு ஜெனரேற்றர். அதுக்கும் மிஞ்சினால் வழிஞ்சு கடல்நீரேரிக்குள்ளதான் போகும், அதில நண்டும் றாலும் பிடிச்சுச் சீவிக்கிற சனம் அந்தக் கரையில இருக்குது, அதால வழியிற வாயை எங்க வைக்கிறது எண்டதை அவையோட கதைக்காம முடிவு எடுக்கக் கூடாது.

ஊறலில ஒரு விசயம் மிச்சம். மாரியில உள்ளுக்கு விடுற வெடிப்பு, கோடையில தண்ணி மட்டம் இறங்கின பிறகு வெளியில விடும். சுண்ணாம்புப் பிளவுக்குள்ளால அது கிணத்துக்குப் போக மண் வடிகட்டல் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. ஏற்கனவே குழியாலயும் தோட்டப் பசளையாலயும் கனகிணத்தில நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின்ர லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி நிக்கிற குடாநாடு இது. ரெண்டு பரப்புக் காணியில கிணறும் குழியும் முகம் பாத்துக் கொண்டிருக்கிற இடத்தில, குழியை மூடி ஓட்டை லைனைப் போட்டால் என்ன லாபம்?

அதால லைனைக் கையேற்கிற சோதனையைப் பற்றி ஒப்பந்தத்தில ஒரு வரி எழுதோணும். கொந்தராத்துக்காரர் வேலையைக் கோடையில முடிச்சு ஆனி ஆடியில ஊறல் சோதனை செய்து காட்டுவினம், பைப்புக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது, மேல் பகுதி காஞ்ச நிலத்தில கிடக்கேக்க எங்கால ஊறும்? அந்தச் சோதனைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. கோடையில எண்டால் ரெண்டு மான்ஹோலுக்கு இடையில அடைச்சுத் தண்ணி நிரப்பி எவ்வளவு இறங்குது எண்டு பாக்கோணும், ஊறல் சோதனை எண்டால் கார்த்திகையில, பக்கத்துக் கிணத்து மட்டத்தையும் அண்டைக்கே அளந்து எழுதி வைச்சு. கொந்தராத்துக்காரருக்குக் குடுக்காமப் பிடிச்சு வைச்ச காசை அதுக்குப் பிறகு விட்டால் சரி.